எலுமிச்சை விதையின் தூக்கம்

அந்தக் காலத்தில், மரம் கூப்பிட்டால் மனிதர்கள் திரும்பிப் பார்த்த காலத்தில், ஒரு மலைச்சரிவில் எலுமிச்சை மரம் ஒன்று நின்றது. அந்த மலைக்கே அது ஒன்றுதான். அப்போதெல்லாம் எலுமிச்சை விதையும் கேழ்வரகைப் போலத்தான். காயவைத்துச் சாம்பலில் புரட்டி வைத்தால் எத்தனை வருஷமானாலும் தூங்கும். நட்டால் விழிக்கும்.

மரத்துக்கு வயதாகிவிட்டது. சாய்வதற்குள் தன் பிள்ளை ஒன்று முளைத்து நிற்பதைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை. பக்கத்தில் கேழ்வரகு விதைக்கும் வெள்ளச்சியிடம் அதைச் சொல்லிப் பழங்களைக் கொடுத்தது. அவளும் விதைகளைக் காயவைத்துக் கேழ்வரகு விதையோடு பானையில் பத்திரப்படுத்தினாள். மழை வந்தது, கேழ்வரகு விதைத்தாள். அடுத்த மழைக்கும் கேழ்வரகுதான்.

“அது எங்க போயிடப் போகுது, ஆத்தா? நல்லாத் தூங்குது. அடுத்த மழைக்குப் பாத்துக்கலாம்” என்றாள்.

“உன் கேழ்வரகுக்கு மட்டும் அடுத்த மழைன்னு ஒண்ணு கிடையாதாக்கும்” என்றது மரம்.

வெள்ளச்சி சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் கெட்டவள் இல்லை. காத்திருக்கிறவர்களைத்தானே நாமும் காக்க வைக்கிறோம்.

மரம் ஒரு பக்கமாகக் காய்ந்துகொண்டு வந்தது. கடைசியில் ஒரே ஒரு பழம் மிஞ்சியது. அப்போது மரம் மண்ணைக் கூப்பிட்டு, என் பிள்ளைகளின் தூக்கத்தை எடுத்துக்கொள் என்றது. மண் எச்சரித்தது.

“எடுத்துட்டா, காஞ்ச விதை செத்துப்போகும். பானையில இருக்கிறதும் சேர்த்துத்தான்.”

மரம் பானையில் இருப்பவர்களை நினைத்துக்கொண்டது. “தெரியும்” என்றது. பிறகு, இனிமேல் விதைக்கு ஒருவராக அனுப்பாதே, துணையோடு அனுப்பு என்று கேட்டது. மண் சரி என்றது.

மறுநாள் வெள்ளச்சி விதைப்புக்காகப் பானையைத் திறந்தாள். கேழ்வரகு அப்படியே இருந்தது. எலுமிச்சை விதைகள் சருகாகக் கிடந்தன. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இடுப்பில் விதைக்கூடையோடு மரத்தடியில் வந்து நின்றாள். மரம் கடைசிப் பழத்தை அவள் காலடியில் போட்டது.

“வீட்டுக்குக் கொண்டுபோகாத, வெள்ளச்சி. ஈரம் காயறதுக்குள்ள வை.”

மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கூடையை இறக்கி வைத்தாள். அங்கேயே பழத்தைப் பிழிந்து, விரலால் குழி போட்டு, சாறு சொட்டச் சொட்ட விதைகளை நட்டாள். அந்த மழை கேழ்வரகுக்கு இல்லாமல் போயிற்று.

முளை தெரிந்த அன்று மரத்தில் ஒரே ஒரு கிளையில்தான் இலை இருந்தது. வெள்ளச்சி கூடையை இறக்கி வைத்துக் குனிந்து பார்த்தாள். ஒரு விதையிலிருந்து இரண்டு கன்று. ஒன்று நோஞ்சானாக ஒட்டிக்கொண்டு நின்றது. மற்றது திடமாக இருந்தது.

“இது அச்சு அசல் உன் ஜாடை, ஆத்தா” என்றாள்.

அந்தக் கிளையின் இலைகளும் கன்றுகளின் மேல் உதிர்ந்தன. அவள் கூடையை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள்.

அன்று முதல்தான் எலுமிச்சை விதை காய்ந்தால் முளைப்பதில்லை. பிழிந்த கையோடு நட்டால் தனியாகவும் வருவதில்லை.