மூன்றாவது குமிழ்

"எவ்வளவு வோல்டேஜ் ஏத்தினாலும் சூடு உள்ளே நிக்க மாட்டேங்குது, மேடம்" என்றார் இருதயராஜ்.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. அவருடைய குருவான பூங்கோதைக்கு முப்பத்தாறு. அந்த ஆய்வகத்தில் தெரியாததைக் கேட்க யாரும் வயது பார்ப்பதில்லை. பார்த்தவர்கள் தெரியாமலே ஓய்வு பெற்றார்கள்.

வளையம் போன்ற கலத்துக்குள், பிளாஸ்மா என்னும் கொதிக்கும் மின்வாயுவைக் காந்தங்களால் கட்டி நிறுத்துவது அவர்கள் வேலை. காந்தம் கட்டத்தான் கட்டியது. ஆனால் உள்ளே குட்டிக் குட்டிச் சுழல்கள் கிளம்பி, சூட்டை வாரிக்கொண்டுபோய்ச் சுவரில் கொட்டின.

மின்புலத்தால் அவற்றை அடக்கிவிடலாம் என்பது இருதயராஜின் ஒன்பது வருட நம்பிக்கை. பிளாஸ்மாவின் விளிம்பில் ஐந்து அடுக்குகள், அடுக்குக்கு ஒரு மின்முனை, வோல்டேஜை ஏற்றி இறக்கத் திருகும் குமிழ்கள் வெளியே ஐந்து. காலையிலிருந்து ஐந்தையும் ஒன்றுபோலவே ஏற்றிக்கொண்டிருந்தார்.

பிளாஸ்மா வேகமாகச் சுற்றியது. சுழல்களும் கூடவே சுற்றின. சுவர் கொதித்தது.

இன்னும் ஒரே ஒரு சோதனை ஓட்டம்தான் மிச்சம். நாளை இயந்திரம் வேறு குழுவின் கைக்குப் போகிறது. ஒன்பது வருடமும் வீணோ என்று அவருக்குப் பயமாகவே இருந்தது.

இன்னும் பெரிய மின்வழங்கி கிடைக்குமா என்று கேட்டார்.

பூங்கோதை அவரைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனார். பரோட்டா மாஸ்டரிடம் எண்ணெய் தடவிய மாவில் ஓர் உருண்டை வாங்கி, இருதயராஜின் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்தார்.

"ரெண்டு கையையும் சேர்த்து ஆட்டுங்க, சார்."

ஆட்டினார்.

"இன்னும் வேகமா."

தோள் வலிக்க ஆட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

பூங்கோதை கையைத் திறக்கச் சொன்னார். மாவு உருண்டையாகவே இருந்தது.

பிறகு அவருடைய இடது கையை மட்டும் மேசையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப வலது கையை மட்டும் மாவு மேல வச்சு ஆட்டுங்க."

மாவு நீண்டது. கயிறானது. இரண்டாக, நான்காக அறுந்து மேசையில் விழுந்தது.

இருதயராஜ் அறுந்த மாவையும், அசையாமல் இருந்த தன் இடது கையையும் மாறி மாறிப் பார்த்தார். மின்வழங்கியைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் கட்டுப்பாட்டு அறைக்கு நடந்தார்.

பூங்கோதை தயிர்சாதத்தை முடித்துவிட்டு நிதானமாகப் போனபோது கடைசி ஓட்டம் முடிந்திருந்தது. திரையில், சுவரின் சூட்டைக் காட்டும் கோடு பாதிக்கும் கீழே இறங்கிக் கிடந்தது. இருதயராஜ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

ஐந்து குமிழ்களில் மூன்றாவதில் மட்டும் எண்ணெய்க் கறை.

"எவ்வளவு ஏத்தினீங்க, சார்?"

"ஏத்தலை, மேடம். இறக்கினேன்."