மடைக்குழியின் எல்லை

கருவேலங் கண்மாயில் நான்கு பறவைகள் சேர்ந்து மீன் குத்தகை எடுத்திருந்தன.

அந்தக் கண்மாய் ஒரு நீர்நாய்க்குச் சொந்தம். மழை பெய்து கண்மாய் நிரம்பியதும் நீர்நாய் தன் பெண்டாட்டியோடு ஆற்றுக்குப் புறப்பட்டது. போகும்போது நான்கு பறவைகளையும் கூப்பிட்டுச் சொன்னது.

"அடுத்த மழைக்குத்தான் வருவோம். அதுவரைக்கும் மீன் உங்களுக்கு. குத்தகைன்னு வேற எதுவும் தர வேணாம். மடைப் பக்கம் கரையில எங்க வளை இருக்கு. ஊர்நாய்க எலி தேடி அதைத் தோண்டிப் போட்டுரும். ஆள் மாத்தி ஆள் காவல் இருங்க, அது போதும். நான் வரும்போது வளை இடிஞ்சு கெடந்துச்சு, நாலு பேரும் வேற கண்மாய் பாத்துக்கங்க."

நான்கும் சரி என்றன.

அந்த நான்கில் பெரியது கூழைக்கடா. அதன் அலகுக்குக் கீழே ஒரு தோல்பை தொங்கும். அதனால் எல்லாரும் அதைப் பைவாயர் என்பார்கள். அடுத்தது கொக்கு. எந்நேரமும் ஒற்றைக் காலில் நிற்பதால் அதற்கு ஒத்தக்காலன் என்று பெயர். மூன்றாவது மீன்கொத்தி நீலவேணி. உருவம் சிறிது, தொண்டை பெரிது. நான்காவது முங்காயி என்ற நீர்க்காகம். தண்ணீருக்குள் முங்கினால் அடிமண்ணைத் தொட்டுவிட்டுத்தான் வரும். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசச் சொன்னால் கழுத்தைச் சிறகுக்குள் செருகிக்கொள்ளும்.

"மீனை எண்ணி எண்ணிப் பங்கு போட்டா சண்டைதான் வரும்," என்றார் பைவாயர். "தண்ணியை நாலாப் பிரிச்சிருவோம். அவங்கவங்க பங்குல அவங்கவங்க மேயட்டும். நீங்க மூணு பேரும் முதல்ல எடுங்க. மிச்சம் எதுவோ அது எனக்கு."

"அண்ணே மனசு யாருக்கு வரும்," என்றான் ஒத்தக்காலன்.

அவன் கோரை முளைத்த கீழ்க்கரையை எடுத்துக்கொண்டான். நீலவேணி நாவல்மரக் கிளை தண்ணீரைத் தொடும் வடகரையைக் கேட்டாள். முங்காயி தன் கூடு இருக்கும் கருவேலமரத்தைச் சுற்றிய மேல்கரையைக் காட்டினாள். மிச்சம் இருந்தது மடைக்குழி. கறுத்த, ஆழமான தண்ணீர். ஒருவருக்கும் அது வேண்டாம்.

"பாவம் அண்ணே, ஆழத்துல என்னத்தப் பாக்குறது," என்று ஒத்தக்காலன் வருத்தப்பட்டான்.

பைவாயர் சிரித்துக்கொண்டார். அன்றைக்கே நாலு பட்ட கட்டைகளை இழுத்து வந்து எல்லையாக நட்டார்.

கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் குறை ஒன்றும் இல்லை. எங்கே மூக்கை விட்டாலும் கெண்டைமீன். முறை வைத்து வளைக்குக் காவலும் நடந்தது. முங்காயி முட்டையில் படுத்திருந்தபோதும் தன் முறைக்குப் போகத் தவறவில்லை. அப்போது அவளுடைய வீட்டுக்காரன் இருந்தான், முட்டையைப் பார்த்துக்கொண்டான். தை பிறந்ததும் அவன் யாரோ கட்டிய வலையில் சிக்கிப் போய்விட்டான். முங்காயியும் மூன்று குஞ்சுகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

மாசி வெயில் இறங்கியது.

தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஒரு முழம் பின்னால் போனது. நீலவேணியின் நாவல்கிளைக்குக் கீழே சேறுதான் மிச்சம். ஒத்தக்காலனின் கோரைக்குள் ஆடுகள் மேய்ந்தன. முங்காயியின் மேல்கரை பாளம் பாளமாக வெடித்தது. மீன்களோ தண்ணீர் போன திசையிலேயே போய், எல்லாமும் மடைக்குழியில் சேர்ந்துவிட்டன.

அப்போதுதான் முங்காயிக்குப் புரிந்தது. நாம் தண்ணீரைத்தான் பங்கு வைத்தோம், மீனைப் பங்கு வைக்கவில்லை.

அவள் எல்லைக்கட்டை வரை போய் நின்றாள்.

"என்ன தாயீ, வழி தவறி வந்துட்டியா?" என்றார் பைவாயர்.

"குஞ்சுக பசியாக் கெடக்குதுண்ணே. ஒரு ரெண்டு முங்கு முங்கிக்கிறேன்."

"உன் பங்குல முங்கு. யாரு வேணாம்னா?"

"அதுல தண்ணி இல்லையேண்ணே."

"அதுக்கு வெயிலைப் போய்க் கேளு. எல்லை எல்லைதான். நீங்கதான முதல்ல எடுத்தீங்க? நான் கையைப் புடிச்சேனா?"

முங்காயி தலையைக் குனிந்துகொண்டாள். பைவாயர் குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"சரி, பச்சைப் புள்ளைக்காரி. ஒண்ணு செய். நீ அடியில முங்கி மீனை மேல ஓட்டி விடு. நான் அள்ளிக்கிறேன். என் பையில இருந்து சிந்துறதை நீ எடுத்துக்க."

பைவாயருக்கு முங்க வராது. மேலே வரும் மீனைத்தான் அள்ள முடியும். வெயில் ஏறினால் மீன் எல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்குத்தான் இந்தக் கருணை. அது தெரிந்தும் முங்காயி ஒப்புக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்?

எட்டு நாள் அவள் முங்கினாள். பைவாயரின் பை வீங்கி வீங்கி வற்றியது. சிந்தியது என்னவோ விரல்நீளக் குஞ்சுமீன்தான். ஒத்தக்காலனும் ஒரு மூலைச் சேற்றில் நிற்க இடம் கேட்டு, பைவாயரின் காவல் முறையையும் சேர்த்துப் பார்த்தான். நீலவேணியை அவர் கட்டைக்கு இந்தப் பக்கமே விடவில்லை. ஆனால் காவலுக்கு மட்டும் அவள் முறை தவறாமல் வர வேண்டும்.

"கரைக்கு வரலாம், தண்ணியில நிழல் விழக் கூடாது," என்பார்.

ஒன்பதாம் நாள் காலையில் முங்காயியின் கடைக்குட்டி வாய் திறக்கவில்லை. மற்ற இரண்டும் கத்தின. கடைக்குட்டி கழுத்தைக் கூட்டின் விளிம்பில் போட்டுக்கொண்டு சும்மா கிடந்தது.

முங்காயி வேலைக்குப் போனாள். முதல் முங்கிலேயே நல்ல கெண்டை ஒன்று அகப்பட்டது. மேலே வந்தாள்.

"தொண்டையில என்ன?" என்றார் பைவாயர்.

அவள் கரையைப் பார்த்து நீந்தினாள்.

"கக்கு."

முங்காயி கருவேலமரத்தைப் பார்த்தாள். பிறகு பைவாயரைப் பார்த்தாள். அவர் முகத்துக்கு நேராகவே அந்த மீனை விழுங்கினாள்.

"முழுங்கிட்டேன்," என்றாள்.

"என்ன சொன்ன?"

"முழுங்கிட்டேன்னு சொன்னேன். நான் முங்கிப் புடிச்சது. என் புள்ளைக்கு."

பைவாயர் அலகைப் படாரென்று மூடினார். "வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன்," என்றார். "இனி இந்தக் குழியில உன்னைக் கண்டேன், சிறகை ஒடிச்சிருவேன்."

அவள் கூட்டுக்குப் பறந்தாள். விழுங்கிய மீனைத் தொண்டையிலிருந்து திரும்ப எடுத்துக் கடைக்குட்டியின் வாய்க்குள் ஊட்டினாள். அது மெல்லக் கழுத்தைத் தூக்கியது.

மறுநாள் வளைக்குக் காவல் முங்காயியின் முறை. அவள் மரத்தை விட்டு இறங்கவில்லை.

பைவாயர் கூப்பிட்டார். "ஏ புள்ள, உன் முறை. மறந்துட்டியா?"

"மறக்கல. வளை யாரு பங்குல இருக்குண்ணே?"

"மடைப் பக்கம்தான். அதுக்கென்ன?"

"மடைப் பக்கம் உங்க பங்கு. எல்லை எல்லைதான். உங்க பங்குல இருக்கறதுக்கு நீங்களே காவல் இருங்க."

பக்கத்துக் கிளையில் இருந்த நீலவேணி சட்டென்று நிமிர்ந்தாள். சேற்றில் நின்ற ஒத்தக்காலன் இரண்டாவது காலையும் கீழே ஊன்றிவிட்டான்.

"வளை இடிஞ்சா நாலு பேருக்கும் குத்தகை போயிரும், தெரியுமா?" என்று மிரட்டினார் பைவாயர்.

"எங்களுக்குத்தான் மாசியிலேயே போயிருச்சேண்ணே. இனி இடிஞ்சா உங்களுக்குத்தான் போகும்."

"ஒத்தக்காலா, நீ வந்து நில்லு. இவ கெடக்கா."

ஒத்தக்காலன் தொண்டையைச் செருமினான். "அண்ணே, என் பங்கு கோரை. அங்க ஆடு மேயுது. நான் போய் ஆட்டுக்குக் காவல் இருக்கேன்."

நீலவேணி சிரித்த சிரிப்பு எதிர்க்கரை வரை கேட்டது.

அன்று முதல் பைவாயர் பாடு திண்டாட்டம். காவலுக்குக் கரையில் உட்கார்ந்தால் மீன் இல்லை. மீனுக்குத் தண்ணீரில் இறங்கினால் காவல் இல்லை. இறங்கினாலும் என்ன? அடியில் கிடக்கும் மீனை மேலே ஓட்ட ஆள் இல்லை. அள்ள அள்ளச் சேற்றுத்தண்ணீர்தான் வந்தது.

மற்ற மூவருக்கும் சாப்பாடு ராஜபோகம் இல்லைதான். ஒத்தக்காலன் வயலில் தவளைக்குஞ்சு பிடித்தான். நீலவேணி வாய்க்காலில் நண்டு தேடினாள். கிடைத்ததில் பாதியை முதலில் கருவேலமரத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

"அக்கா, இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள் நீலவேணி.

"அவரு இறங்கி வர்ற வரைக்கும்."

"வரலைன்னா?"

முங்காயி குஞ்சுகளைப் பார்த்தாள். "வரலைன்னா வேற கண்மாய். ஆனா கக்கிக் குடுத்துட்டு இங்க இருக்க மாட்டேன்."

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் ஊர்நாய்கள் மூன்று கரையேறி வந்தன. முன்னால் வந்த செவலைநாய் வளையை மோந்து பார்த்து மண்ணைப் பறிக்கத் தொடங்கியது.

பைவாயர் ஓடி வந்து வாயைப் பிளந்தார். கூழைக்கடாவுக்கு என்ன இருந்தாலும் கத்த வராது. இத்தனை நாளும் அவர் முறையில்கூட நீலவேணிதான் குரல் கொடுத்தாள், அதை அவர் யோசித்ததே இல்லை.

"என்னடா இது, இம்புட்டுப் பெரிய வாயைத் தொறக்குது, சத்தத்தைக் காணோம்," என்றது செவலைநாய். மற்ற இரண்டும் சிரித்துவிட்டுத் தோண்டின. வளையின் வாயில் ஒரு பக்கம் பொலபொலவென்று சரிந்தது.

பைவாயர் கருவேலமரத்துக்குப் பறந்து வந்தார்.

"முங்காயி, ஓடியா. வளை போகுது."

"எல்லையைத் தாண்டி வரச் சொல்றீங்களாண்ணே?"

"எல்லையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வா தாயீ."

"எனக்கு மட்டுமா?"

பைவாயர் கரையைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் மண் சரிந்தது.

"எல்லாருக்கும்தான். நான் பண்ணினது தப்பு."

"அதைச் சத்தமாச் சொல்லுங்க. ஒத்தக்காலண்ணனுக்குக் கேக்கணும்."

சத்தம் வராத தொண்டையால் அவர் மூன்று முறை சொன்னார். மூன்றாவது தடவை கோரைக்குள் நின்ற ஒத்தக்காலனுக்குக் கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு நொடி தாமதமில்லை. நீலவேணி நாய்களின் காதுக்குள்ளேயே போய்க் கத்தினாள். ஒத்தக்காலன் ஈட்டி மூக்கால் செவலையின் மூக்கில் ஒரு குத்துக் குத்தினான். முங்காயி கண்களுக்கு நேராகச் சிறகை அடித்துப் பாய்ந்தாள். பைவாயர் ஒரு பை நிறையச் சேற்றுத்தண்ணீரை அள்ளி வந்து மூன்று நாய்களின் தலையிலும் கொட்டினார். நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேரும் வரை நிற்கவில்லை.

நால்வரும் சேர்ந்து வளையின் வாயைச் சேறு வைத்துப் பூசினார்கள். பிறகு முங்காயி மடைக்குழியின் நடுவில் போய் நின்றாள். இந்தத் தடவை அவள் கழுத்து சிறகுக்குள் போகவில்லை.

"நான் அடியில இருந்து ஓட்டுறேன். நடுவுல வர்றதை அண்ணன் அள்ளட்டும். ஓரத்துக்கு ஓடுறது ஒத்தக்காலண்ணனுக்கும் நீலவேணிக்கும். அள்ளின மீனு மொத்தமும் கரைக்கு வரணும். முதல்ல குஞ்சுகளுக்கு. அப்புறம் காவல்ல நிக்கிறவங்களுக்கு. மிச்சத்தை எல்லாருமா வயிறு நெறையத் தின்போம்."

"என் வாய் பெருசாச்சே, தாயீ," என்றார் பைவாயர்.

"வாய் பெருசுதாண்ணே. வயித்தைக் காட்டுங்க, அதுக்குத் தக்கன வாங்கிக்கங்க."

பைவாயர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். பைக்குள் அது மூன்று தடவை அடங்கும். அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

அன்று சாயங்காலம் நாலு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். கடைக்குட்டி இரண்டு கெண்டையைத் தின்றுவிட்டு மூன்றாவதுக்கும் வாயைப் பிளந்தது.

அடுத்த ஐப்பசியில் மழையோடு நீர்நாய் வந்து சேர்ந்தது. வளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. திருப்தியாக மீசையைத் துடைத்துக்கொண்டது.

"இந்த வருசமும் குத்தகை உங்களுக்குத்தான். யாரு பேசுறீங்க?"

பழக்கத்தில் எல்லாரும் பைவாயரைப் பார்த்தார்கள். பைவாயர் முங்காயியைப் பார்த்தார்.

"நாங்க நாலு பேரும் எடுக்கறோம்," என்றாள் முங்காயி. குரல் சின்னதுதான். ஆனால் நடுங்கவில்லை. "காவல் எப்படிப் பொதுவோ, மீனும் அப்படிப் பொது. தண்ணியைப் பிரிக்க மாட்டோம். இதுக்குச் சம்மதம் இல்லாதவங்க இப்பவே சொல்லிரட்டும்."

மூவரும் தலையை ஆட்டினார்கள். பைவாயர் நட்ட எல்லைக்கட்டைகள் மட்டும் இன்னும் தண்ணீரில் நின்றன. அவற்றின் மேல் முங்காயியின் மூன்று குஞ்சுகளும், முங்கி நனைந்த சிறகுகளை விரித்து, மழை விட்ட வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தன.

சேர்ந்து காவல் காத்த இடத்தில் சேர்ந்துதான் பசியாற வேண்டும். அதில் ஒருவர் பங்கை இன்னொருவர் அமுக்கினால், எவ்வளவு கூச்சம் உள்ளவரானாலும் வாய் திறந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.