உள்ளூருக்கு என்ன விலை?

உசிலம்பட்டியில் அருணகிரி முதலாளியின் சோப்புக் கம்பெனியில் காகிதம் சுற்றுகிறவள் ஒச்சம்மாள். அந்தக் காகிதத்திலேயே விளம்பரம் அச்சடித்திருக்கும்: 'சென்னையில் நாலணா, வெளியூர்களில் ஐந்தணா.'

ஒரு சந்தை நாளில், கம்பெனி வாசலில் இருந்த கடையில் அவள் நாலணாவை நீட்டி ஒரு சோப்புக் கேட்டாள். கல்லாவில் இருந்த முதலாளி காசைத் தள்ளிவிட்டார்.

"அஞ்சணா எடு."

"இங்கயே காய்ச்சி இங்கயே விக்கிற சோப்புக்கு எதுக்குங்கய்யா ஓரணா கூட?"

"உசிலம்பட்டி வெளியூரு. அச்சுல ஏறுனது ஏறுனதுதான்! நாலணாவுக்கு வேணும்னா மெட்ராஸுக்கு ரயிலேறு."

சந்தைக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒச்சம்மாளுக்குச் சுருக்கென்றது.

"அப்ப நான் இம்புட்டு வருசமா வெளியூர்லயா வேலை பாத்தேன்? மெட்ராஸ் கணக்குப்பிள்ளை வந்தா வெளியூர்ப் படி குடுக்கிறீகளே, எனக்கும் குடுங்க."

முதலாளி மேஜையைத் தட்டிக் கத்தினார். "பொறந்த ஊர்ல வேலை பாக்கிறவளுக்குப் படியா? இது உனக்கும் உள்ளூரு, எனக்கும் உள்ளூரு!"

சந்தையே கேட்டது. ஒச்சம்மாள் கும்பிட்டாள்.

"நல்லதுங்கய்யா. உள்ளூருக்குத்தான் அச்சுல வெலையே போடலையே. சும்மா எடுத்துக்கிரட்டுமா?"

முதலாளி பாய்ந்து சோப்பைப் பிடித்துக்கொண்டார். "நாலணா! உள்ளூருக்கு நாலணா!"

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள், ஒச்சம்மாள் பின்னால் சந்தைக் கூட்டம் முழுக்க நாலணாவோடு வரிசை கட்டிவிட்டது.