பரங்கித் தோட்டத்துக்கு ஒரு மறைப்பு

காட்டுக் குளத்தின் தெற்குக் கரையில் புஷ்பம் என்ற முயல் குடியிருந்தாள். அவளுடைய வளைக்குப் பின்னால் ஒரு தோட்டம். தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பரங்கிக்கொடிதான். ஆனால் அந்த ஒரு கொடி நாலு பக்கமும் ஓடி, தரையே தெரியாமல் இலை விரித்திருந்தது.

புஷ்பத்துக்கு ஐந்து குட்டிகள். ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். குளம் நிரம்பி, கரைப் புல்லெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். போன மழையில் பசி தாங்காமல் ஒரு குட்டி போய்விட்டது. அந்த வேதனை அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்த வருஷம் பரங்கி விதை ஊன்றினாள்.

"மூணு காய் முற்றி வளைக்குள்ளே வந்துவிட்டால் போதும், கடவுளே! என் பிள்ளைகள் மழையைத் தாண்டிவிடும்" என்று தினமும் காலையில் சூரியனைப் பார்த்து, முன்னங்கால்களைச் சேர்த்துக் கும்பிடுவாள்.

தோட்டத்தை ஒட்டி ஒரு புங்கமரம். அதில் மைனா பேச்சி குடியிருந்தாள். நல்லவள்தான். ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது. கிளையில் உட்கார்ந்தால் புஷ்பத்தின் தோட்டம் முழுவதும் அவளுக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் சொல்லியும் ஆகவேண்டும்.

"ஏ மதினி! முகம் கழுவ இவ்வளவு நேரமா?"

"ஏ மதினி! சின்னவன் காதுக்குள்ளே அழுக்கு இருக்கு பாரு!"

"ஏ மதினி! மல்லாக்கப் படுத்து வெயில் காயுறியே, வயிறு தெரியுது!"

வயிறு தெரிந்த வெட்கத்தில் புஷ்பம் இரண்டு நாள் வெளியே வரவில்லை.

ஒருநாள் காலையில் பேச்சி மூக்கை நீட்டிக்கொண்டு கத்தினாள். "ஏ மதினி! பிஞ்சு விட்டிருக்கு! அதோ, அந்தப் பெரிய இலைக்குக் கீழே! என்ன அழகு, என்ன அழகு!"

புஷ்பத்துக்குப் பகீரென்றது. பிஞ்சைச் சுட்டிக் காட்டினால் அது அழுகிவிடும் என்பது அந்தக் கரையில் எல்லோருடைய நம்பிக்கை. முயல்கள் பிஞ்சைக் காட்டவேண்டுமானால் பாதத்தை மடக்கிக்கொண்டுதான் காட்டுவார்கள்.

"ஏண்டி, பிஞ்சைப் பார்த்து மூக்கை நீட்டாதே!"

"பின்னே எதை நீட்டுறது? எனக்குக் கையா இருக்கு?"

மூன்றாம் நாள் அந்தப் பிஞ்சு மஞ்சளாகிக் காம்போடு உதிர்ந்தது.

புஷ்பம் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேரே முள்ளம்பன்றி சுடலையிடம் போனாள். வேலி கட்டுவதில் அவன் கைகாரன். பகலெல்லாம் தூங்குவான். பொழுது சாயும் நேரத்தில்தான் வேலையைத் தொடங்குவான்.

"அண்ணே, அந்த மைனா கண்ணு படாதபடி தோட்டத்துக்கு ஒரு மறைப்பு வேணும்."

"அவ்வளவுதானே தங்கச்சி? படல் கட்டிட்டா ஆச்சு!"

கோரையும் ஈச்ச ஓலையும் வைத்து நெருக்கமாகப் பின்னி, நாலு பக்கமும் படல் நிறுத்தினான். வெளியே கருவேல முள்ளைச் சாத்தினான். கற்றாழை நாரால் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டான். மறுநாள் காலையில் புஷ்பம் நிம்மதியாகப் போய்த் தோட்டத்தில் உட்கார்ந்தாள்.

"ஏ மதினி! வேலி ரொம்ப நல்லாயிருக்கு! அது சரி, உள்ளே உக்காந்து என்ன மெல்லுறே?"

அன்று சாயங்காலமே புஷ்பம் சுடலையின் முன்னால் நின்றாள்.

"மரத்துல இருக்கிறவ மேலேயிருந்து பாப்பான்னு உனக்குத் தெரியாதா அண்ணே?"

"எனக்கு நிமிர்ந்து பாக்கிற பழக்கம் இல்லை தங்கச்சி" என்றான் சுடலை. பாவம், அவன் சொன்னது உண்மைதான். "கவலையை விடு. கூரை போட்டுருவோம்!"

பக்கத்து மேட்டில் ஏறி நின்று, தோட்டம் முழுவதையும் ஓலையால் மூடிக் கட்டினான். சாண் அளவுகூட வானம் தெரியவில்லை. வளையின் பின்வாசல் வழியாகப் புஷ்பமும் குட்டிகளும் மட்டும்தான் உள்ளே போகமுடியும்.

காலையில் பேச்சி வந்தாள். கிளைக்குக் கிளை தாவிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"மதினி... இருக்கியா மதினி?"

புஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே சிரித்தாள். பதில் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்லவேண்டுமே, அது சுகமாகத்தான் இருந்தது. மனம்போல மல்லாந்து படுத்தாள். குட்டிகள் அடித்துக்கொண்டால் தன் இஷ்டப்படி அதட்டினாள். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நாலைந்து நாளில் பேச்சி கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள். புங்கமரத்தின் மறுபக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் பிஞ்சுகள் கொடியில் நிற்கவில்லை.

ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவுக்கு வரும். மஞ்சளடிக்கும். உதிரும். இலைகளும் வெளுக்கத் தொடங்கின.

"இன்னும் எங்கேயோ சந்து இருக்கு! அது வழியா எட்டிப் பாக்குறா!" என்று புஷ்பம் குளத்துச் சேற்றை அள்ளிவந்து படலின் ஓட்டைகளையெல்லாம் அடைத்தாள். அதற்கு மறுவாரமும் பிஞ்சுகள் விழுந்தன. காலையில் கும்பிடும்போது புதிதாக ஒரு வேண்டுதலையும் சேர்த்துக்கொண்டாள்.

"கடவுளே, அந்த மைனாவோட கண்ணைக் கொஞ்சம் மங்கலாக்கு. குருடாக்கிடாதே, அவளும் பிள்ளை குட்டிக்காரி. மங்கல் போதும்."

இப்படியே மூன்று வாரம் போயிற்று. கொடியின் நுனியில் கடைசியாக நாலு பெண் மொக்குகள் மட்டும் மிச்சம் இருந்தன. அவை நின்றால்தான் மழைக்கு முன்னால் முற்றும். அதற்கப்புறம் பூப்பதற்குக் கொடியில் தெம்பு இல்லை.

ஒருநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தாள். நாலும் ஒன்றாக விரிந்திருந்தன. பக்கத்திலேயே ஆண் பூக்களும் விரிந்திருந்தன. அப்போது படலுக்கு வெளியே "ரீ... ரீ..." என்று ஒரு சத்தம். புஷ்பம் முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஒரு தேனீ, படலில் அங்குமிங்கும் ஊர்ந்து முட்டிக்கொண்டிருந்தது.

"ஓகோ! நீயும் எட்டிப் பாக்க வந்துட்டியா?" என்று புஷ்பம் சீறினாள்.

"எட்டிப் பாக்க எனக்கேது நேரம்? வேலைக்கு வந்தேம்மா! மூணு வாரமா நாங்க வந்து வந்து முட்டிட்டுத் திரும்புறோம்."

"என் தோட்டத்துல உனக்கென்ன வேலை?"

"நல்லா கேட்டே போ! ஆண் பூவுல இருக்கிற மஞ்சள் பொடியைப் பெண் பூவுல கொண்டுபோய்ச் சேக்கிறது யாரு? நீயா? அந்தப் பொடி சேந்தாத்தான் பிஞ்சு நிக்கும். சேரலைன்னா மூணே நாள்ல மஞ்சளடிச்சு விழும்."

புஷ்பம் படலைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ... மைனா கண்ணு?"

"மைனா கண்ணு பூவை என்ன பண்ணும்? அவ வாய் எங்களை முழுங்காம இருந்தாச் சரி!"

"மறைப்பு போடுறதுக்கு முன்னாடியே ஒரு பிஞ்சு விழுந்துச்சே?"

"அன்னைக்கு உன் கொடியில ஆண் பூ ஒண்ணுகூட விரியலை. நான்தான் வந்து பாத்துட்டுப் போனேனே! முதல் பிஞ்சு பாதிக் கொடிக்கு அப்படித்தான் போகும்."

"ஐயையோ! உள்ளே வாயேன்! என் வளை வழியா வாயேன்!"

"இருட்டுக்குள்ளே எங்களுக்குப் பூ தெரியாதும்மா. கூரையைத் திற. வெயில் உள்ளே விழட்டும், வாறோம். ஆனா சீக்கிரம்! வெயில் ஏறினா பரங்கிப்பூ சுருங்கிடும். நாளைக்கு அது விரியாது."

சொல்லிவிட்டுத் தேனீ பறந்துவிட்டது.

புஷ்பம் சுடலையின் வளைக்கு ஓடினாள். அவன் நல்ல தூக்கத்தில் இருந்தான். தொட்டால் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டான். கூப்பிட்டால் குறட்டை விட்டான். திரும்பி ஓடிவந்து மேட்டில் ஏறிக் கூரையை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். அவள் பாதம் எட்டவில்லை. படலை உள்ளேயிருந்து கடித்தாலும் வெளியே சுற்றிலும் கருவேல முள், மேலே கூரையும் அப்படியே இருக்கும். வெயில் குளத்தின் அக்கரைக்கு வந்துவிட்டது.

முடிச்சை அவிழ்க்க மேலே பறந்து போகக்கூடியவள் பக்கத்திலேயே ஒருத்தி இருந்தாள். ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? புஷ்பம் கண்ணை மூடிக் கும்பிட்டாள். அன்றைக்கு வேண்டுவதற்கு வார்த்தையே வரவில்லை. பிள்ளைகளின் முகம் மட்டும்தான் வந்தது. எழுந்து புங்கமரத்தடிக்குப் போனாள்.

"பேச்சி..."

பேச்சி திரும்பவில்லை. "யாரு அது? எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. குரலைக் கேட்டா, கூரை போட்ட பெரிய வீட்டுக்காரங்க மாதிரி இருக்கு."

புஷ்பம் ஓவென்று அழுதுவிட்டாள். "ஐயோ, நிஜமாவே மங்கிடுச்சா? நான்தான்டி வேண்டிக்கிட்டேன்! உன் கண்ணை மங்கலாக்கச் சொல்லிக் கடவுள்கிட்ட நான்தான்டி தினமும் கேட்டேன்!"

பேச்சி வெடுக்கென்று திரும்பினாள். புஷ்பத்தை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து விழப் பார்த்தாள்.

"சும்மா சொன்னேன் மதினி! நீ அழுது மூக்கு சிவந்திருக்கிறதுகூட நல்லாத் தெரியுது! ஏன், முழுக் குருடாக்கச் சொல்லிக் கேக்கவேண்டியதுதானே?"

"அது எப்படிடி கேப்பேன்? மங்கல்தான் கேட்டேன்."

"பெரிய மனசுதான் உனக்கு!" என்றாள் பேச்சி. பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள்: "நான் கூப்பிட்டப்போ நீ உள்ளேயே இருந்துக்கிட்டுப் பதில் சொல்லலை பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கலை."

"தப்புதான். மன்னிச்சிரு." புஷ்பம் மளமளவென்று தேனீ சொன்னதையெல்லாம் சொன்னாள். "போன மழைக்கு ஒண்ணைப் பறிகொடுத்தேன் பேச்சி. இந்த நாலு பூவும் போச்சுன்னா..."

அவள் முடிக்கும்வரை பேச்சி நிற்கவில்லை. ஒரு நீள விசில் அடித்தாள். அக்கரை நாவல்மரத்திலிருந்து அவளுடைய சொந்தபந்தங்கள் இருபது பேர் பறந்துவந்தார்கள்.

"அந்தக் கூரையைப் பிரிங்க! முடிச்சை இழுக்காதீங்க, கொத்தி அறுங்க! சித்தப்பா, நீங்க அந்த மூலை!"

இருபது மூக்கும் வேலை செய்தன. கற்றாழை நார் பட்பட்டென்று தெறித்தது. ஓலைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. ஒரு ஓலை போய் சுடலையின் வளைவாசலில் விழுந்தது. "எவன்டா அது, என் வேலையில கை வைக்கிறது?" என்று உள்ளேயிருந்து ஒரு அதட்டல் வந்தது. அப்புறம் மறுபடியும் குறட்டை.

மூன்று வாரத்துக்குப் பிறகு தோட்டத்தில் வெயில் விழுந்தது. பூக்கள் லேசாகச் சுருங்கத் தொடங்கியிருந்தன. தேனீக்கள் கூட்டமாக வந்தன. ஆனால் இருபது மைனாக்களைப் பார்த்ததும் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டன.

"வாங்க, வாங்க!" என்று பேச்சி கூவினாள். "இன்னைக்கு நாங்க எல்லாரும் விரதம்!"

அவளுடைய சித்தப்பா மட்டும் மெல்ல வாயைத் திறந்தார். பேச்சி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

தேனீக்கள் பூவுக்குள் புகுந்தன. மஞ்சள் பொடியைக் காலில் ஒட்டிக்கொண்டு பூவுக்குப் பூ போயின. நாலாவது பூவிலிருந்து கடைசித் தேனீ வெளியே வந்தபோது, இதழ்கள் அதன் பின்னாலேயே சுருங்கிக்கொண்டன.

இனி காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் போயிற்று. புஷ்பம் புல்லைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் கொடியின் பக்கம் போகவே பயந்து, வளைக்குள் சுருண்டு கிடந்தாள்.

அன்றைக்குப் பேச்சி மரத்திலிருந்து கத்தவில்லை. இறங்கி, நடந்து, வளையின் வாசலுக்கு வந்து, புஷ்பத்தின் காதோடு மெல்லச் சொன்னாள்.

"மதினி, ஒண்ணு விழுந்துடுச்சு. மூணு நிக்குது."

படல்களைப் புஷ்பம் எடுக்கவில்லை. குட்டிகள் வெளியே ஓடாமல் இருக்க அது வசதியாக இருந்தது. முகம் கழுவுகிற மூலைக்கு மேலே மட்டும் ஒற்றை ஓலையைப் போட்டுக்கொண்டாள். பேச்சிக்கு அதில் வருத்தமில்லை. "அந்த இடம் உன் இடம். அதுக்கு நேரா உள்ள கிளையில நான் உக்காரவே மாட்டேன்" என்று அவளாகவே சொன்னாள். சொன்னபடி பெரும்பாலும் நடந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பதினோரு நாள் விடவில்லை. குளம் ஏறிப் புல்லை மூடியது. வளைக்குள்ளே, தங்க நிறத்தில் முற்றிய பரங்கிக்காய் ஒன்றைச் சுற்றி ஐந்து குட்டிகளும் உட்கார்ந்து கடித்துக்கொண்டிருந்தன. நனைந்த இறகோடு பேச்சியும் நடுவில் உட்கார்ந்து விதை பொறுக்கிக்கொண்டே, எந்தக் குட்டி எப்படித் தின்கிறது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் அவளை அடக்கவில்லை.

பிள்ளைகளே, அடுத்த வீட்டுக் கண்ணுக்குப் பயந்து வானத்தையே மூடிக்கொண்டால் நம்மைத் தேடி வருகிற நல்லதும் வெளியே நின்றுவிடும், அதனால் மறைப்பை வேண்டிய மட்டும் போட்டுக்கொண்டு மற்றதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.