செவந்தி யானையின் மூன்று மருந்துகள்

சுனைக்காட்டில் செவந்தி என்றொரு பெண் யானை இருந்தது. ஒரு கோடையில் அதன் முன்கால் முட்டிகள் இரண்டும் பலாக்காய் போல வீங்கிவிட்டன. படுத்தால் எழ முடியவில்லை. நடந்தால் உயிர் போகிற வலி.

அதே சமயம் சுனையும் வற்றத் தொடங்கியது.

"இன்னும் பத்தே நாள்தான். அப்புறம் மலை தாண்டி ஆற்றுக்குப் போயாக வேண்டும். குட்டிகள் தாகம் தாங்காது" என்றது, கூட்டத்தை நடத்திச் செல்லும் தங்கை யானை. பிறகு தலையைத் தாழ்த்தியது. "நீ எப்படியக்கா நடப்பாய்?"

செவந்தி கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் மருந்து கேட்டது.

"முடக்கத்தான் கொடியைத் தின்னுங்கள் அக்கா! முடக்கை அறுக்கும் என்று பேரிலேயே இருக்கிறதே!" என்றது குரங்கு.

"நொச்சி இலையை அரைத்து முட்டியில் பற்றுப் போடு!" என்றது கரடி.

"அதெல்லாம் வேண்டாம். பச்சைப் பிரண்டையை மென்று விழுங்கு!" என்றது காட்டுப்பன்றி.

எதைக் கேட்பது? செவந்திக்குப் புரியவில்லை. மூன்றையும் சேர்த்தே செய்தது.

மூன்றாம் நாள் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஆனால் நாக்கு தடித்து அரித்தது. ஒரு வாய் புல்கூட உள்ளே இறங்கவில்லை.

"வீக்கம் வடிந்தது என் கொடியால்! நாக்கைக் கெடுத்தது பிரண்டை!" என்றது குரங்கு.

"பொய்! உன் கொடிதான் அரித்திருக்கும்!" என்று சீறியது பன்றி.

"முட்டியைத் தொட்டதே என் நொச்சி மட்டும்தான்!" என்று உறுமியது கரடி.

செவந்தி மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. "நிறுத்தினால் கால் போகும். தொடர்ந்தால் பட்டினியில் உயிர் போகும். நான் என்னதான் செய்வேன்?" என்று அழுதது.

பகல் தூக்கம் கெட்டுப்போன முள்ளம்பன்றி வளையிலிருந்து வெளியே வந்தது.

"யாருக்குமே தெரியாத விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு கத்தல்? எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்!"

"நிறுத்தினால் மறுபடி வீங்குமே!" என்றது செவந்தி.

"வீங்கட்டும். அப்போதுதானே எது வடிக்கிறது என்று தெரியும்?"

செவந்தி பயந்துகொண்டே நிறுத்தியது. இரண்டு நாளில் நாக்கு ஆறியது. முட்டிகள் மறுபடி வீங்கின. முதலில் செவந்தி பிரண்டையைத் துளியளவு கடித்தது. உடனே அரிப்பு! துப்பிவிட்டது.

"எனக்கு அரிப்பதே இல்லையே!" என்று விழித்தது பன்றி.

அடுத்து, நொச்சியை வலது முட்டியில் மட்டும் பூசினார்கள். ஒன்பதாம் நாள் வலது முட்டி வடிந்திருந்தது. இடது முட்டி அப்படியே இருந்தது.

"அப்படியானால் என் கொடி வீணா?" என்று கேட்டது குரங்கு.

"வீண் என்று யார் சொன்னது? அதை இன்னும் தனியாகப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்" என்றது முள்ளம்பன்றி.

மகிழ்வதா, வருந்துவதா என்று குரங்குக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் கூட்டம் கிளம்பியது. கரடி இடது முட்டியிலும் நொச்சியை அப்பிவிட்டது. செவந்தி நொண்டி நொண்டி நடந்தது. தங்கை நடையைக் குறைத்துக்கொண்டது. மூன்று நாள் கழித்து ஆற்றில் இறங்கியபோது செவந்தியின் இரண்டு முட்டிகளும் தண்ணீருக்குள் வலியில்லாமல் மடங்கின.

எல்லா மருந்தையும் ஒன்றாகக் கலந்தவருக்கு நோய் குறைந்தாலும் குழப்பம் குறையாது. ஒவ்வொன்றாகப் பொறுமையாகச் சோதித்தவருக்கே உண்மை தெரியும்.