சிவப்பு விளக்கை அணைத்தவர்கள்

வல்லூரணிக்காரர்களுக்கு மூளையே இல்லை என்று சொல்கிறவர்கள் அவர்களை அறியாதவர்கள். இருக்கிறது. தேய்ந்து போய்விடக் கூடாதே என்று உபயோகிக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களில் பெரிய மனிதர் கோமதிநாயகம். பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, பெற்ற பிள்ளையைப் போலத் துடைத்து வைத்திருந்தார்.

வருஷத்துக்கு ஒருமுறை டவுன் மைதானத்தில் பழைய பட்டாள வண்டிகளின் அணிவகுப்பு நடக்கும். போன இரண்டு வருஷமும் அவர் ஜீப் கயிற்றில் கட்டி இழுக்கப்பட்டுத்தான் போய்ச் சேர்ந்தது. இழுத்தது மனைவியின் தம்பி செண்பகராமனின் டிராக்டர். அவன் சிரித்த சிரிப்பில் கோமதிநாயகத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, "அடுத்த வருஷமும் கயித்துல வந்தா ஜீப்பு உனக்குத்தான் மாப்ளே" என்று ஊரறியச் சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாளும் வந்தது. காலையில் இஞ்சினை ஓடவிட்டால், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அந்தோணிமுத்துவுக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, சுவிட்ச்சைப் போட்டா அந்த விளக்கு எரியணும். இஞ்சின் ஓடினா அணையணும். அணையலைன்னா பேட்டரிக்கு சார்ஜ் ஏறலைன்னு அர்த்தம். பானெட்டைத் திறந்து, சார்ஜ் ஏத்துற பெல்ட்டைப் பாருங்க; இஞ்சினைக் குளிர வைக்கிற ஃபேனும் அதுலதான் சுத்துது. கட்டை விரலால அழுத்தினா அரை இஞ்சு அமுங்கணும்."

கோமதிநாயகமும் கூட்டாளிகள் இருவரும் இஞ்சினை நிறுத்திவிட்டுப் பானெட்டைத் திறந்தார்கள். பெல்ட் அறுந்து கீழே மண்ணில் கிடந்தது.

"பெல்ட்டு இருக்கா?" என்றார் கோமதிநாயகம்.

"இருக்கு" என்றான் கூட்டாளி தங்கப்பழம். பொய் சொல்லவில்லையே.

இன்னொரு கூட்டாளி சுடலைமணிக்கு ஒரு சந்தேகம். "கட்டை விரலுன்னாரு. யாரு கட்டை விரலுன்னு சொல்லலையே?"

"வண்டி யாரு பேர்ல இருக்கோ அவுக விரல்தான் செல்லும். பத்திரத்துல பக்கத்து வீட்டுக்காரனா கைரேகை வைப்பான்?" என்றான் தங்கப்பழம்.

ஆகவே கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் படுத்து, மண்ணில் கிடந்த பெல்ட்டை அழுத்தினார். மண் இளகலாக இருந்ததால் சரியாக அரை இஞ்சு அமுங்கியது. அப்பாடா என்று எழுந்தார்.

"பெல்ட்டுல குத்தமில்ல. விளக்குதான் அணைய மாட்டேங்கு" என்றார்.

"பல்பைக் கழட்டிருவோமா?" என்றான் சுடலைமணி.

"வெளங்கும்! கழட்டினா சுவிட்ச் போடும்போது எப்படிவே எரியும்? எரியவும் செய்யணும், அணையவும் செய்யணும்."

அரை மணி நேரம் ஆலோசித்து முடிவு கட்டினார்கள். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் தங்கப்பழம் விளக்கின்மேல் விரலை வைத்து மறைத்துக்கொள்வது. செய்து பார்த்தார்கள். எரிந்தது; இஞ்சின் ஓடியதும் சிவப்பைக் காணோம். கோமதிநாயகம் கண் கலங்கிவிட்டார்.

டவுனுக்குப் பதினான்கு கிலோமீட்டர். ஐந்தாவது கிலோமீட்டரில் பானெட்டிலிருந்து இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி வந்தது. அந்தோணிமுத்து ஆவியைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதனால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. எட்டாவதில் ஜீப் குலுங்கி நின்றது. மறுபடி மறுபடி ஸ்டார்ட்டரைப் போட்டார்கள். அது முனகி, முக்கி, கடைசியில் பேட்டரி தீர்ந்து வாயை மூடிக்கொண்டது.

தங்கப்பழத்துக்கு விரல் மரத்துவிட்டது. எடுத்தான். எடுத்தவன் கூவினான்.

"அண்ணாச்சி! விளக்கு தானா அணைஞ்சிட்டு!"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். சுவிட்ச் போட்டபடி இருந்தது. சிவப்பு மருந்துக்குக்கூட இல்லை.

"இஞ்சின் ஓடினா அணையும்னாரு. அணைஞ்சிருக்கு. அப்போ இஞ்சின் ஓடுது" என்றார் கோமதிநாயகம். இதில் பிழை சொல்ல அங்கே ஆளில்லை.

"சத்தத்தையே காணுமே?" என்றான் சுடலைமணி.

"ரிப்பேர் பார்த்த வண்டி அப்படித்தாம்வே இருக்கும்."

பின்னால் டிராக்டரில் வந்த செண்பகராமன் வாயெல்லாம் பல்லாக இறங்கிக் கயிற்றைக் கட்டினான். கோமதிநாயகம் தடுக்கவில்லை. ஓடுகிற வண்டிக்குக் கயிறு கட்டினால் அது கயிற்றில் வந்த கணக்கில் சேராது என்று அவருக்குத் தெரியும். வழி நெடுக, "மாப்ளே, உன் டிராக்டரு என் வேகத்தைத் தடுக்கு, வழிய விடு!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

மைதானத்தில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. செண்பகராமன் கையை நீட்டினான். "அத்தான், சாவி."

கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சபதத்தைப் பொறவு பேசுவோம். ஓடுத இஞ்சின்லேந்து எவனாவது சாவிய உருவுவானா? பெட்ரோல் தீர்ந்து தானா நிக்கட்டும், வாங்கிக்கோ."

செண்பகராமன் எட்டி அந்த விளக்கைப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது. அவனும் வல்லூரணியில் பிறந்தவன்தானே.

"டாங்கில எவ்வளவு இருக்கு அத்தான்?"

"ஃபுல்லு."

"சரி, தீரட்டும்" என்று டிராக்டரிலிருந்து ஜமுக்காளத்தை எடுத்து வந்து, ஜீப்புக்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தான். இன்றைக்கு நாலாவது நாள். சாப்பாடு வீட்டிலிருந்து வருகிறது. காலையும் மாலையும் சுடலைமணி டாங்கில் குச்சி விட்டுப் பார்த்து, "சொட்டுக்கூடக் குறையல, என்னா மைலேஜு!" என்று மெச்சிக்கொள்கிறான்.