எந்தச் சம்சாரம்?

“சம்சாரத்தை விட்டுட்டு வந்துட்டேன், அம்மா. எனக்குக் காவி குடுங்க.”

அருப்புக்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்த தவசிலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பூரணி அம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது. கேரள எல்லையை ஒட்டிய மலையடிவாரத்தில் அவருடைய ஆசிரமம். தாடியும் கமண்டலமுமாக ஒரு குருவை எதிர்பார்த்து வந்தவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

“எந்தச் சம்சாரத்தை?” அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எனக்கு இருக்கிறது ஒரே சம்சாரம். பேரு குருவம்மாள்.”

“சமையற்கட்டுல சத்தெம்மா இருக்காங்க. தெலுங்குக்காரங்க. தோட்டத்துல அச்சுதன். அவர் மலையாளி. சம்சாரம்னா என்னன்னு ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டு வாங்க, ஐயா.”

தவசிலிங்கத்துக்குச் சுருக்கென்றது. நாலு பஸ் மாறி வந்தது இதற்குத்தானா? இருந்தாலும் எழுந்து போனார்.

சத்தெம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.

“சம்சாரமா? புருஷன், பெண்டாட்டி, பிள்ளைங்க, அடுப்பு, கூரை எல்லாம் சேர்ந்தாத்தான் எங்க பேச்சுல சம்சாரம். ஏன், உங்க வீட்டுல யாருக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல,” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தார்.

அச்சுதன் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். புது ஆளைக் கண்டதும் அவரே ஆரம்பித்தார்.

“வீட்டுல யாரெல்லாம்?”

“நானும் பெண்டாட்டியும்.”

“சம்சாரம் உண்டோ?”

“அதான் சொன்னேனே. ஒருத்திதான்.”

அச்சுதன் சிரித்துவிட்டார். “எங்க மலையாளத்துல சம்சாரம்னா பேச்சு. ரெண்டு பேரும் பேசிக்குவீங்களான்னு கேட்டேன்.”

தவசிலிங்கம் பாத்தி ஓரமாகக் குந்தினார். ஒரு மண்கட்டியை எடுத்து நொறுக்கிக்கொண்டே இருந்தார்.

“பதினோரு மாசம் ஆச்சு,” என்றார் கடைசியில்.

ஒரே பையன். மழை நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன், லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். அவன் சாவி கேட்டதும் எடுத்துக் கொடுத்தவர் இவர். குருவம்மாளுக்கு அது தெரியாது. வாயைத் திறந்தால் அதுதான் முதலில் வெளியே வரும் என்று பயந்து, திறக்காமலே இருந்துவிட்டார். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. சோறு வைப்பாள், சாப்பிடுவார். வீட்டில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அச்சுதன் மண்வெட்டியைக் கீழே போட்டார். செம்பில் தண்ணீர் மொண்டு தவசிலிங்கத்தின் கையில் ஊற்றினார்.

திரும்பி வந்தபோது பூரணி அம்மாவின் முன்னால் ஒரு காவித் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“சமஸ்கிருதத்துல இன்னொண்ணு இருக்கு. பிறந்து, செத்து, மறுபடி பிறந்து, சுத்திச் சுத்தி அலையறது. அதை விடத்தானே வந்தீங்க?”

“ஆமா, அம்மா.”

“இதுவரைக்கும் எதை விட்டிருக்கீங்க?”

தவசிலிங்கம் துணியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மலையாளத்துச் சம்சாரத்தைத்தான்.”

அம்மா கீரைக்காம்புகளை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஊரில் பஸ் ஏறியபோது அணைத்து வைத்த போனைத் தவசிலிங்கம் பையிலிருந்து எடுத்தார். முதல் மணியிலேயே அந்தப் பக்கம் எடுத்தாள்.

“நான்தான்.”

மூச்சு மட்டும் கேட்டது.

“குருவம்மா, அன்னைக்கு அவனுக்குச் சாவி எடுத்துக் குடுத்தது நான்தான். மழையா இருக்கு, வேண்டாம்டான்னு ஒரு வார்த்தை சொல்லல.”

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

“இதைச் சொல்ல வீட்டை விட்டா போகணும்?”

அழுகிறாள்.

“நேரமாச்சு, வேகமாப் போடான்னு அவனை விரட்டினது நான். அது உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது.

தவசிலிங்கம் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“சொல்லு,” என்றார்.